இசைத்தமிழ்ப் பாடமும் சுரக்குறிப்புப் பயிற்சியும்

சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பயிலும் தமிழ் மாணவர் பலர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைப் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகின்றனர். அவை ஒலியாக அவர்களை எட்டுவதில்லை.

இக்குறை ஆய்வையும் தாக்குகிறது. குரல் என்பது இன்றைய சட்சமா, மத்திமமா என்பது நெடுநாளைய வழக்கு. உரைமரபு ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 அலகுகளைப் பகுக்கிறது. வடமொழி இசைநூல்கள் சட்ச கிராமத்தில் சட்சம் முதலாக 4, 3, 2, 4, 4, 3, 2 எனக் கூறும். பின்னதை மத்திமம் முதலாக எண்ணினால் முன்னதே கிடைக்கிறது. குரலை மத்திமம் என்பார்க்கு இது வலுவான சான்று. ஆயினும் அலகொற்றுமை மட்டுமே சுரத்தின் அடையாளத்தை முடிவுசெய்யுமா என்பதைச் சுரத்தானம் அறிந்தவரே எடைபோட இயலும். அறியாதார் பிறர் முடிவை மேற்கோளாக்கலாமேயன்றி மதிப்பிட இயலாது.

ஆதலின் முதுகலையில் ஒரு பருவமேனும் ஏழு சுரம், பன்னிரு தானம், தாளக்கணக்கு, புள்ளியால் தாயியையும் காற்புள்ளியால் நீட்சியையும் காட்டும் சுரக்குறிப்பு ஆகியவற்றைப் பாடியும் எழுதியும் பழக்குதல் வேண்டும். குறிப்பு கமகத்தை முழுமையாகக் காட்டாது என்பர்; உண்மையே. எழுத்தும் பேச்சின் ஓசையை முழுமையாகக் காட்டுவதில்லை. அதுபற்றி எழுத்தறிவை எவரும் விலக்கியதில்லை.