ஈ.சி.ஜி. தாளும் வைத்தியரின் கண்ணும்

வேலையில் சேருவதற்கான உடற்தகுதிச் சான்றிதழுக்காகவோ, கண்புரை அறுவைக்கு முன்பாகவோ, மாஸ்டர் செக்கப் என்று வழங்கும் முழு உடற்பரிசோதனையின் ஓர் அங்கமாகவோ ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்கிறவர்களின் கைக்கு இப்போது வந்து சேரும் தாளில், அலைகோடுகளுக்கு மேலே, யந்திரமே அச்சிட்டுத் தரும் ஒரு வரி இருக்கிறது. ‘அப்நார்மல் ஈ.சி.ஜி.’ என்றோ, ‘பழைய மாரடைப்பாக இருக்கலாம்’ என்றோ அந்த வரி சொல்லிவிட்டால், அதுவரை மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்காத மனிதர் அன்றிரவு தூக்கத்தை இழக்கிறார். வைத்தியர் தாளைப் பார்ப்பதற்கு முன்பே அதன் படம் உறவினர்களின் கைப்பேசிகளில் வலம் வந்துவிடுகிறது. அதே இடத்தில் ‘நார்மல்’ என்று இருந்துவிட்டாலோ, நெஞ்சை அழுத்தும் வலியோடு வந்தவரும் வாய்வுப் பிடிப்புதான் என்று தேறுதல் கொண்டு வீடு திரும்பிவிடுகிறார். இவ்விரண்டில் பின்னதே பெருங்கேடு. ஆயினும் இரண்டுக்கும் மூலகாரணம், யந்திரத்தின் அனுமானத்தை வைத்தியரின் தீர்ப்பாகவே கொண்டுவிடும் வழக்கம். அது நம்முடைய ஆஸ்பத்திரிகளில் மேலும் வேரூன்றுமுன் களையப்பட வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

இருதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அதன் தசையினூடே பரவிச் செல்லும் நுண்ணிய மின்னோட்டத்தை, உடலின் மேற்பரப்பிலிருந்தே பதிவு செய்ய முடியும் என்று 1887-ஆம் ஆண்டில் லண்டனில் அகஸ்டஸ் வாலர் காட்டினார். அதை வைத்தியர்களுக்குப் பயன்படும் சாதனமாக்கிய பெருமை, ஹாலந்து தேசத்து லைடன் சர்வகலாசாலைப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவனுக்கு உரியது. சுமார் 270 கிலோ எடையும், இயக்குவதற்கு ஐந்து ஆட்களும் கொண்டதாக இருந்த கருவியின் முன் ரோகியை உட்கார்த்தி, இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீரில் அமிழ்த்தி வைத்து அவர் கண்ட அலைகளுக்கு அவரே இட்ட பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற பெயர்கள்தாம் இன்றளவும் வழங்குகின்றன. 1924-இல் நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. இன்று கைப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்ட யந்திரம், விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வீதம் தாளை நகர்த்தி, ஒரு சிறு கட்டத்துக்கு 0.04 விநாடி என்ற கணக்கில், லீடுகள் எனப்படும் பன்னிரண்டு கோணங்களிலிருந்து இருதயத்தின் மின்சாரத்தைக் குறித்துத் தந்துவிடுகிறது. எனினும் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பதையோ, தசைக்கு எவ்வளவு பலம் என்பதையோ அது நேரில் பார்ப்பதில்லை. மின்சாரம் சென்ற வழியைக் கண்டு மற்றவற்றை ஊகிக்க வேண்டிய பொறுப்பு படிக்கிறவருடையது.

அந்த ஊகம் எத்தனை எளிதில் தடம் மாறும் என்பதற்கு, வலது கைக்குரிய சிவப்புக் கிளிப்பையும் இடது கைக்குரிய மஞ்சள் கிளிப்பையும் அவசரத்தில் மாற்றி மாட்டிவிடுவதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. அவ்வாறு நேர்ந்தால் முதல் லீடில் அலைகளெல்லாம் தலைகீழாகி, இருதயம் வலப்பக்கத்தில் அமையப்பெற்ற அபூர்வப் பிறவியைப் போல அந்த மனிதர் தாளில் காட்சி தருவார். தேர்ந்த கண் உடனே மார்பு லீடுகளுக்குச் செல்லும்: இருதயம் உண்மையிலேயே வலப்பக்கம் இருந்தால் அங்கே ஆர் அலை இடப்புறம் செல்லச்செல்லச் சிறுத்துப் போகும், வழக்கம்போல வளர்ந்துகொண்டே போயிற்றென்றால் மாறியவை கிளிப்புகளே என்று தெளிந்து, மறுபடி எடுக்கச் சொல்லும். நான்காவது விலா இடைவெளியில் பதிய வேண்டிய மார்புக் குமிழ்களை இரண்டாவது இடைவெளியில் பதித்துவிட்டால், எந்நாளும் மாரடைப்பே வராதவருக்கு ‘பழைய மாரடைப்பு’ தோன்றக்கூடும். நடுக்குவாதம் உள்ள முதியவரின் கை நடுக்கம், இருதய மேலறைகளின் துடிதுடிப்பைப் போலவே பதிவாகிவிடும். திடகாத்திரமான இளைஞர்கள் பலருக்கு, எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட எஸ்.டி. பகுதி இயல்பாகவே சற்று உயர்ந்திருப்பதும், சிறு குழந்தைகளுக்கு மார்பின் முதல் மூன்று லீடுகளில் டி அலை கவிழ்ந்திருப்பதும், நாள்தோறும் ஓடிப் பழகியவரின் நாடி நிமிடத்துக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்குவதும் ரோகமாகா.

இதற்கு நேர்மாறான அபாயத்தைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். மாரடைப்பு தொடங்கிய முதல் நாழிகையில் எடுத்த ஈ.சி.ஜி. முற்றிலும் இயல்பாக இருப்பது அரிதன்று. ஆகையால்தான் வலி நீடிக்குமானால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மீண்டும் மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும் என்றும், ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் விதி வகுத்திருக்கிறார்கள். இருதயத்தின் பின்சுவரில் நேரும் மாரடைப்பு, முன்மார்பு லீடுகளில் எஸ்.டி. தாழ்வாக மட்டுமே தென்படும். முதுகுப்புறத்திலும் குமிழ்களைப் பதித்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. 1982-ஆம் ஆண்டில் ஹாலந்தைச் சேர்ந்த ஹைன் வெலன்ஸும் அவருடைய சகாக்களும் விவரித்த லட்சணம் இன்னும் நுட்பமானது. நெஞ்சுவலி வந்து அடங்கி, ரோகி சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் வேளையில், இரண்டாம் மூன்றாம் மார்பு லீடுகளில் டி அலை மேலெழுந்து கீழிறங்கியோ, ஆழமாகக் கவிழ்ந்தோ நிற்கும். யந்திரம் ‘டி அலையில் குறிப்பற்ற மாறுதல்’ என்று மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடக்கூடும். ஆனால் அவர்கள் கவனித்தவர்களில், அறுவைச் சிகிச்சை செய்யப்படாத 16 பேரில் 12 பேருக்குச் சில வாரங்களுக்குள் இருதயத்தின் முன்சுவரில் பெரும் மாரடைப்பு நேர்ந்தது. வலி எப்போது வந்தது, எப்போது நின்றது என்று ரோகியைக் கேட்டறிந்தவருக்கன்றி அந்தச் சிறு அலை தன் பொருளைச் சொல்லாது.

கேட்டறிதல் என்ற இந்தப் பழைய வித்தையே இங்கு முதன்மையானது. கூரிய கூடாரம் போல நெட்டுயர்ந்து நிற்கும் டி அலை, டயாலிசிஸ் தவறிய சிறுநீரக ரோகியிடம் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்துவிட்டதற்கு அடையாளமாகலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்க்க வியர்க்க வந்தவரிடம் மாரடைப்பின் முதற்படியாகலாம். ஒருவருக்குக் கால்சியம் ஊசி, மற்றவருக்கு அடைப்பை நீக்கும் சிகிச்சை.

நாடித்துடிப்பை எண்ணுவதிலும் இடைவெளிகளை அளப்பதிலும் யந்திரம் மனிதனைவிடத் திறமுடையது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எழுதும் வரியை அச்சிடாமல் நிறுத்திவைக்கும் வசதி பெரும்பாலான யந்திரங்களில் இருக்கவே இருக்கிறது. ரோகியின் கையில் கொடுக்கும் பிரதியிலேனும் அந்த வரி இல்லாதபடி செய்து, அதற்குப் பதிலாக எதற்காக எடுக்கப்பட்டது, வலி இருந்ததா, படித்த வைத்தியர் யார் என்ற மூன்று விவரங்களைக் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று விதித்தால் என்ன நஷ்டம் வந்துவிடும்? தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தினால், மாரடைப்பின் அறிகுறியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன; மிக நல்ல ஏற்பாடு. மாத்திரை இருக்கும் இடத்தில் தாளைப் படிக்கும் பயிற்சியும் இருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் உடனே தொலைவிலுள்ள இருதய நிபுணருக்குப் படத்தை அனுப்பிக் கேட்கும் ஒழுங்கும் இருக்க வேண்டும். ஐந்தோவன் 1905-ஆம் ஆண்டிலேயே, ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆஸ்பத்திரி ரோகிகளின் அலைகளைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தம் ஆய்வுக்கூடத்தில் பெற்றுப் படித்தார்.

பொதுமக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய ஈ.சி.ஜி. என்பது எறிந்துவிடத்தக்க காகிதமன்று. புதிய தாளைப் படிக்கும் வைத்தியருக்கு அதற்கிணையான துணை வேறில்லை. ஆனால் அது வெப்பத்தால் பதிவாகும் தாளாகையால் நாளடைவில் மங்கிவிடும். பத்திரப்படுத்துவதாக எண்ணி லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் அந்தச் சூட்டிலேயே முழுவதும் கறுத்துவிடும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்தோ, கைப்பேசியில் தெளிவாகப் படம் பிடித்தோ, தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் உடன் கொண்டுசெல்லுங்கள். எந்த உபாதையும் இல்லாத ஒருவருக்கு இன்று புதிதாகக் கண்டதுபோல் தோன்றும் வலது மின்கிளைத் தடை, பத்தாண்டுக்கு முந்தைய தாளிலும் அப்படியே இருந்ததென்று தெரிந்துவிட்டால், அடுத்தடுத்த பரிசோதனைகளுக்காக அவர் நகைகளை அடகு வைக்க வேண்டியிராது.