சிக்கனமாக ஒரு கடற்கரைப் பயணம்: பணமா, தேதியா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கடல் கிடையாது. கிருஷ்ணகிரி அணையும் பாரூர் பெரிய ஏரியும்தான் இந்தப் பகுதிக்குக் கடல் மாதிரி. பாரூர் ஏரிக்குத் தண்ணீர் கொடுக்கும் தென்பெண்ணை ஆறு கடலூர் அருகே வங்கக் கடலில் போய்ச் சேருகிறது. ஆறு போய்ச் சேரும் இடத்துக்கு அந்த ஆற்றங்கரை மக்களில் எத்தனை பேர் போய் வந்திருப்பார்கள்? அப்பா டைட்டனிலோ அசோக் லேலண்டிலோ போச்சம்பள்ளி சிப்காட்டிலோ வேலை பார்ப்பார். பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்திருக்கும். ஆனால் கடலை டிவியில் மட்டும்தான் பார்த்திருக்கும். இப்படிப்பட்ட வீடுகள் இன்றும் இங்கே உண்டு.

கேட்டால் "காசு இல்லைங்க" என்பதுதான் பதில். அது பாதி உண்மைதான். ஒரு சிறிய கடலோர ஊரில் இரண்டு இரவு சிக்கனமாகத் தங்குவதற்குத் திட்டம் போட்டுப் பார்த்தால், பணத்தைவிடப் பெரிய பற்றாக்குறை இன்னொன்று இருப்பது தெரியும். அதுதான் தேதி!

தரங்கம்பாடியை எடுத்துக்கொள்ளலாம். மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள சின்ன ஊர். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேனிஷ் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. சீகன்பால்கு 1706இல் கப்பலில் வந்து இறங்கிய கரையும், அவர் தமிழ் அச்சகம் நடத்திய ஊரும் இதுவே. 1845இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை, கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில், பழைய தேவாலயங்கள் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம். கடற்கரைக்கு டிக்கெட் கிடையாது. சிக்கனப் பயணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

போவதும் கஷ்டமில்லை. மைசூரிலிருந்து பெங்களூரு, ஓசூர், தருமபுரி, சேலம், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்கு இரவு ரயில் உண்டு. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் இல்லாததால் பாரூர், காவேரிப்பட்டணம் பக்கத்து ஆட்கள் தருமபுரியில் ஏறலாம். இரவு ரயிலில் ஒரு லாபம் இருக்கிறது. ஸ்லீப்பர் டிக்கெட் பயணச் செலவாகவும் ஆகிறது, ஒரு இரவு அறை வாடகையையும் மிச்சப்படுத்துகிறது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி சுமார் 30 கிலோமீட்டர். அங்கே முன்பு ஓடிய ரயில் 1980களில் நின்றுபோனது. இப்போது பஸ்தான்.

அடுத்தது தங்கும் இடம். தரங்கம்பாடியிலேயே குறைந்த வாடகை அறைகள் அதிகம் இல்லை. அதனால் சிக்கனம் பார்ப்பவர்கள் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் திருக்கடையூரிலோ, சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் காரைக்காலிலோ தங்கிவிட்டு பஸ்ஸில் வந்து போவது வழக்கம். இங்கேதான் தேதி குறுக்கே வருகிறது.

திருக்கடையூர் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் பேர்போன ஊர். நட்சத்திரம் பார்த்து சொந்த பந்தங்களோடு வந்து இறங்குவார்கள். அந்த நாட்களில் லாட்ஜில் அறை கிடைப்பதே பெரிய விஷயம். காரைக்காலுக்குப் பக்கத்தில் திருநள்ளாறு இருக்கிறது. சனி பகவானைப் பார்க்க சனிக்கிழமை கூட்டம் அலைமோதும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி திருவிழா. அப்போது நாகப்பட்டினம் வட்டாரம் முழுக்க அறைகள் நிரம்பிவிடும். ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. இந்த ஊர்களின் அறை வாடகையைக் கடல் அலை முடிவு செய்வதில்லை, பஞ்சாங்கமும் திருவிழா நோட்டீஸும்தான் முடிவு செய்கின்றன.

இன்னும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் விலை ஏறிவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வருவதும் அந்த மாதங்களில்தான்! தீபாவளிக்கு போனஸ் வரும், கையில் காசு இருக்கும். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் சின்னம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காசு இருக்கும்போது கடல் சரியில்லை, கடல் நன்றாக இருக்கும்போது லீவு இல்லை. வேடிக்கையாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

அறையைத் தேர்ந்தெடுப்பதிலும் பலர் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். வாடகையை மட்டும் பார்த்து, குறைவாக இருக்கும் அறையைப் பிடித்துவிடுவார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு (தொகைகள் கற்பனைதான்):

முதல் லாட்ஜ்: வாடகை 800 ரூபாய், பஸ் நிலையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. இரண்டு இரவுக்கு 1,600. பகல் 12 மணிக்குத்தான் அறை தருவார்கள், ரயிலோ காலையில் போய்ச் சேருகிறது. அரை நாள் வாடகை 400. எக்ஸ்ட்ரா பெட் இரவுக்கு 200 வீதம் 400. போக வர ஆட்டோ இரண்டு நாளைக்கு 800. மொத்தம் 3,200 ரூபாய்.

இரண்டாவது லாட்ஜ்: வாடகை 1,200 ரூபாய், பஸ் நிலையம் பக்கத்திலேயே. நான்கு பேர் படுக்கும் அறை. எந்த நேரம் உள்ளே போனாலும் அதிலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள் கணக்கு. இரண்டு இரவுக்கு 2,400. ஆட்டோ வேண்டாம், எக்ஸ்ட்ரா பெட் வேண்டாம். மொத்தம் 2,400 ரூபாய்தான்.

வாடகை 400 ரூபாய் அதிகமான அறை கடைசியில் 800 ரூபாய் மிச்சம் செய்கிறது. அதனால் போன் செய்யும்போது "ரூம் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தக் கூடாது. 24 மணி நேரக் கணக்கா, எத்தனை பேர் தங்கலாம், வெந்நீர் உண்டா, பஸ் நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று நான்கு கேள்வி கேட்க வேண்டும். பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை எடுத்துப் போக வேண்டும்.

வரியிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது 1,000 ரூபாய்க்குக் குறைவான அறைக்கு வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் அந்த விலக்கு எடுக்கப்பட்டு 12 சதவீதம் போடப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. குறைந்தது நல்லதுதான். ஆனால் 400 ரூபாய் லாட்ஜ் அறைக்கும் 7,500 ரூபாய் ரிசார்ட் அறைக்கும் ஒரே 5 சதவீதம் என்பது எந்த ஊர் நியாயம்? ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறிய லாட்ஜ்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யத் தேவையில்லை. அங்கே நேரில் அறை எடுத்தால் வரி இல்லை. அதே அறையை ஆன்லைன் செயலி வழியாக எடுத்தால் வரி உண்டு. எனவே செயலியில் விலையைப் பார்த்துக்கொண்டு, லாட்ஜுக்கு நேரடியாகவும் ஒரு போன் போடுவது புத்திசாலித்தனம்.

வார நாட்களில் பேரம் பேசவும் இடம் உண்டு. வணிகவியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த பாடம்தான் இது. செவ்வாய்க்கிழமை இரவு காலியாகக் கிடந்த அறையைப் புதன்கிழமை எடுத்து விற்க முடியாது. அழுகிப்போன தக்காளி மாதிரி, போனது போனதுதான். ஆனால் ஆள் சம்பளம், மின்கட்டணம், கட்டட வாடகை எல்லாம் நடந்துகொண்டே இருக்கும். அதனால் செவ்வாய், புதனில் வரும் குடும்பத்துக்கு லாட்ஜ்காரர் விலை குறைக்கத் தயாராக இருப்பார். சனிக்கிழமை அவர் ஏன் குறைக்க வேண்டும்?

ஆக, சிக்கனத்தின் ரகசியம் சரியான தேதி. ஆனால் தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது?

பெங்களூரில் ஐடி வேலை பார்ப்பவர் புதன்கிழமை லீவு போடலாம், லேப்டாப்போடு கடற்கரைக்கே போகலாம். ஓசூரில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு அது முடியாது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களில் 4 தேசிய விடுமுறை, 5 பண்டிகை விடுமுறை. பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி என்று எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு. ஊரே கிளம்பும் நாளில்தான் அவரும் கிளம்ப முடியும். அன்று பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது, அறை வாடகையும் ஏறியிருக்கும். வசதி உள்ளவர் குறைந்த விலை நாளில் போகிறார், வசதி இல்லாதவர் அதிக விலை நாளில் போகிறார். ஏழைக்குத்தான் இந்த நாட்டில் எல்லாமே விலை அதிகம்!

சம்பளத்துடன் கூடிய விடுப்பும் இருக்கிறதே என்று கேட்கலாம். 1948 தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த கணக்குப்படி 20 நாள் வேலைக்கு 1 நாள். 240 நாள் வேலை செய்தவருக்கு 12 நாள். காய்ச்சல், காதுகுத்து, கல்யாணம், சாவு என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பன்னிரண்டுதான். தினக்கூலிக் கணக்கில் வேலை செய்பவருக்கோ லீவு போட்ட நாள் சம்பளம் போன நாள். மூன்று நாள் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் அவர் பயணத்தில் பெரிய செலவு அறை வாடகையாகவே இருக்காது.

கடற்கரைச் சுற்றுலாவுக்குப் பேர்போன கிரீஸ் நாட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் கோடையில் கடலோர ஊர்களில் வாடகை எகிறும். அங்கே அரசு வேலைவாய்ப்பு அமைப்பு காப்பீடு செய்த தொழிலாளர்களுக்கும் வேலை இல்லாதவர்களுக்கும் ஆண்டுதோறும் தங்கும் சீட்டு வழங்குகிறது. சீட்டு வைத்திருப்பவர் திட்டத்தில் சேர்ந்த ஹோட்டலில் பொதுவாக 6 இரவு வரை தங்கலாம். ஒரு பகுதியை அமைப்பு கொடுக்கும், மீதியை அவர் கட்டுவார். இன்னொன்றும் உண்டு. ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுப்பது போல, அங்கே சிறிய வாடகை அறைகளுக்குச் சாவிக் குறி கொடுத்துத் தரம் பிரிக்கிறார்கள். சின்ன அறை எடுப்பவருக்கும் தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிகிறது.

இங்கே இது முடியாதா? தமிழ்நாட்டில் 1972ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்துவிட்டது. தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் அந்த நிதிக்கு ஆண்டுதோறும் பங்கு கொடுக்கிறார்கள். கடலோர ஊர்களில் செவ்வாய், புதனில் காலியாகக் கிடக்கும் அறைகளுக்கு அந்த நிதியிலிருந்து தொழிலாளர் குடும்பங்களுக்குச் சீட்டு கொடுத்தால், லாட்ஜ்காரருக்கும் வியாபாரம், தொழிலாளிக்கும் ஓய்வு. லாட்ஜ் வரவேற்பறையில் சாதாரண நாள் வாடகை, திருவிழா நாள் வாடகை, எக்ஸ்ட்ரா பெட் கட்டணம் மூன்றையும் எழுதி ஒட்ட வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

"எல்லோரும் லீவு போட்டால் லைன் ஓடுமா?" என்று நிர்வாகம் கேட்கும். ஒரே நாளில் எல்லோருக்கும் லீவு விட்டால்தான் லைன் நிற்கும். முறை வைத்து விட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். சம்பளத்தையே உயர்த்தாமல் சுற்றுலா எதற்கு என்று தொழிற்சங்கம் கேட்கலாம். சம்பள உயர்வு கேட்க வேண்டியதுதான். அதோடு ஓய்வையும் கேட்கலாமே?

அதுவரை இருக்கும் லீவை வைத்துத் திட்டம் போட வேண்டியதுதான். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறை நல்ல சமயம். வேளாங்கண்ணி கூட்டம் முடிந்திருக்கும், பெருமழை பொதுவாக இன்னும் தொடங்கியிருக்காது, மீன்பிடித் தடையும் கிடையாது. ஆயுத பூஜை அந்த வாரத்தில் வருகிறதா என்று மட்டும் காலண்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்பு தொடங்குகிறது, ஆக ஜூலைக் கடைசியிலேயே டிக்கெட் எடுக்க வேண்டும். தனியாகப் போவதைவிட இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் பெரிய அறையும் பேரமும் சுலபம்.

ஜூலையில் டிக்கெட் எடுக்க வேண்டுமானால் செப்டம்பரில் லீவு உண்டா என்பது ஜூலையிலேயே தெரிந்தாக வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் விடுமுறைப் பட்டியலை ஒட்டும் தொழிற்சாலைகள், அதற்குக் கீழேயே எந்தப் பிரிவுக்கு எந்த வாரத்தில் மூன்று நாள் தொடர் விடுப்பு என்றும் எழுதி ஒட்டட்டும். அதற்கு நிர்வாகத்துக்கு ஆகும் செலவு ஒரு தாள்தான்.