எண்ணிய பின் கதவைத் திறப்பவர் யார்?

நெதர்லாந்திலே உட்ரெக்ட் என்னும் நகரின் நடுவே பழைய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. படகுகள் வரும்போது திறந்து மூடும் நீர்க்கதவு ஒன்று அதன் குறுக்கே உண்டு. இளவேனிற் காலத்தில் படகுகள் குறைவு. ஆகவே கதவு பெரும்பாலும் மூடியே கிடக்கும். ஆனால் மீன்கள் முட்டையிட இடந்தேடிப் புறப்படுவது அந்தக் காலத்திலேதான். கதவடியில் காத்துக் கிடக்கும் மீன்கள் நீர்ப்பறவைகளுக்கு இரையாகிவிடும்.

2021ஆம் ஆண்டு அவ்விடத்தில் நீருக்கடியில் ஒரு கமரா வைத்தார்கள். அது காட்டுவதை எந்த நாட்டவரும் இணையத்தில் பார்க்கலாம். மீனைக் கண்டவர் மணியை அழுத்துவார். மீன்கள் சேர்ந்திருக்கின்றன என்று கதவுக் காவலருக்கு அறிவிக்கப்படும். அவர் கதவைத் திறந்துவிடுவார். எந்த இன மீன் எப்போது வருகிறது என்ற விபரமும் ஆய்வாளருக்குக் கிடைக்கிறது.

வலை போட்டு எண்ணினால் மீன் காயப்படும், சில சாகும். கமராவால் அந்தத் தீங்கு இல்லை. ஆயினும் குறைகள் உண்டு. ஒரே மீன் பலதடவை முன்னால் வந்து போகலாம். ஆகவே இத்தகைய ஆய்வுகளில் கண்டதையெல்லாம் கூட்டாமல், ஒரே படத்தில் ஒன்றாகத் தெரிந்த ஆகக்கூடிய தொகையையே குறிப்பது வழக்கம். கலங்கிய நீரிலோ கமராவுக்குக் கண் தெரியாது. மாரி வெள்ளம் புகுந்த எமது குளங்களுக்கு, பிடிபடும் மீனின் இனத்தையும் நிறையையும் நாள்தோறும் கொப்பியில் எழுதி வைப்பதே கூடிய பயன் தரும்.

ஆனால் கருவியைவிட முக்கியமான பாடம் ஒன்று இதில் உண்டு. எண்ணப்படுவது என்றால் என்னவென்று எமது வாசகருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. எத்தனை படிவங்கள் நிரப்பினோம்! எத்தனை தடவை வரிசையில் நின்று பெயர் கொடுத்தோம்! அதனால் மட்டும் எமது காணிக்குப் போகும் பாதை திறந்துவிடவில்லை.

உட்ரெக்டில் அந்தக் கமரா பயன் தருவதற்குக் காரணம், கணக்கின் முடிவிலே கதவைத் திறக்க ஒருவர் நிற்பதுதான். அவர் இல்லையேல் மீன்கள் சாவதை உலகமே பார்த்துக் கொண்டிருந்திருக்கும்.

ஆகவே குளத்து மீனையோ குடும்பங்களையோ எண்ண எவராவது வந்தால், மரியாதையோடு வரவேற்போம். கூடவே மூன்று கேள்விகளையும் கேட்போம்: இந்தக் கணக்கு யாரிடம் போகிறது? அதைப் பார்த்துக் கதவைத் திறப்பவர் யார்? எந்த நாளில் திறப்பார்?