ஒயிலுக்கு ஆண் என்ன, பெண் என்ன?

நாரணாபுரத்தில் நாங்கள் நாலு பேர், பென்ஷனில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒயிலாட்டக் குழு நடத்துகிறோம். பழகிய பையன்களில் பாதிப்பேர் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். வரிசைக்கு ஆள் இல்லை. ஆசைப்பட்டு வந்த பெண்பிள்ளைகளைச் சேர்த்தோம். உடனே சில பெரியவர்களுக்குக் கோபம்: "ஒயில் ஆம்பளை ஆட்டம். மரபு கெட்டுப்போகும்."

ஆண்கள் ஆடி வந்த ஆட்டம்தான், மறுக்கவில்லை. அந்தப் பெரியவர்களை ஒன்று கேட்கிறேன். பகலெல்லாம் பயர் ஆபீஸில் மருந்துக்கு நடுவே உட்கார்ந்து குடும்பத்தைத் தாங்கப் பெண் வேண்டும். சாயங்காலம் கைக்குட்டை வீசி ஆட மட்டும் ஆகாதா?

மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பன் ஐயா, அந்தக் கலையைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். மரபு ஒன்றும் கெடவில்லை. 2024இல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இன்று கொங்குச் சீமையில் ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே களத்தில் ஆடுகிறார்கள்.

ஆட ஆளில்லாமல் போவதைவிடவா மரபுக்குக் கேடு வந்துவிடும்?

பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் வரிசையில் பெண்பிள்ளைகளும் நிற்பார்கள். கோபக்காரப் பெரியவர்களும் தாராளமாக வரலாம். தாளம் போட ஆள் குறைகிறது.