படத்தில் இருக்கும் தகப்பன்

சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் சில வீடுகளின் முன்னறையில் ஒரு படம் தொங்கும். அதன் கீழே சின்னதாய் ஒரு விளக்கு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது கடலில் இருந்தவர்கள். குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் கரை திரும்பவில்லை. அன்று 10 வயதாயிருந்த பிள்ளை 2025-இல் 18-ஐத் தொட்டாயிற்று.

‘தகப்பன் இல்லாத பிள்ளை’ என்று ஊர் இழுத்துச் சொல்வதில் பாதி இரக்கம், பாதி ஆரூடம். குடிப்பான், உடம்பைக் கெடுத்துக்கொள்வான் என்பதே அந்த ஆரூடம்.

இந்த ஆரூடத்துக்கு ஆதாரம் தேடினால், அமெரிக்காவில் மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு முன்னால் வந்து நிற்கும். சிறுவயதில் பட்ட ஏழு வகைத் துன்பங்களைப் பெரியவர்களிடம் கேட்டார்கள்: அடி, ஏச்சு, பாலியல் கொடுமை, அம்மா அடிபடுவது, வீட்டில் குடிநோயாளியோ மனநோயாளியோ சிறை சென்றவரோ இருப்பது. இவற்றில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, எதையும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு. கவனிக்க வேண்டியது, அந்த ஏழில் தகப்பன் இல்லாமை இல்லை! பெற்றோர் பிரிவு பின்னால்தான் பட்டியலில் ஏறியது. தினம் குடித்துவிட்டு வந்து அடிக்கிறவன் இருக்கும் வீட்டை ஊர் ‘முழுக் குடும்பம்’ என்கிறது. உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

தகப்பன் இருந்தும் பிள்ளை தவிப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதா என்ன? மருமக்கள்வழி இருந்த வெள்ளாளர் வீடுகளில் தகப்பன் இருந்தான். அவன் சொத்தோ அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்கு. அவன் கண்மூடினால் மனைவி மக்கள் கதி? தேரூர்க் கவிமணி ‘மருமக்கள்வழி மான்மிய’த்தில் ஐந்தாம் மனைவியின் வாயால் கேட்டது இதைத்தான். 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டத்தை மாற்றியது.

அப்படியானால் பிள்ளையைக் காப்பது எது? ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் நடுவயது வரை தொடர்ந்தார். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பெற்றோரோ பாட்டியோ அத்தையோ, விட்டுப் போகாத ஓர் ஆள் இருந்தார். தூத்தூர்ப் பக்கத்துத் தங்கல் தொழிலில் தகப்பன் உயிரோடிருந்தாலும் வாரக்கணக்கில் கடலில்தான். பிள்ளைக்கு அந்த ஆள் பெரும்பாலும் பாட்டிதான்.

அதற்காக இழப்பைச் சின்னதாக்க முடியாது. வருமானம் நின்று, படகுக் கடன் கழுத்தை நெரிக்க, அம்மா வேலைக்கு ஓடினால், வீட்டில் மிஞ்சும் அந்த ஒரே ஆளும் களைத்துப்போகிறார்.

அரசு கைகொடுப்பதும் பிள்ளை 18-ஐத் தொடும் இடத்தில்தான் இடறுகிறது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கான ‘மிஷன் வாத்சல்யா’ மாத உதவி 18 வயதோடு நின்றுவிடும். பள்ளிக்கு வரும் நலப் பரிசோதனைக் குழுவின் கணக்கும் 18 வரைதான். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான தேசியப் பரிசோதனைத் திட்டமோ 30-இல் தொடங்குகிறது. சிகரெட்டும் குடியும் தூக்கமின்மையும் வழக்கமாகிவிடும் 12 ஆண்டுகள் இடையில் கிடக்கின்றன. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் தங்கலுக்கு ஐஸ் ஏற்றும் பையன்களுக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான்.