ஒரே மேசையில் பல கதைகள்

ஒரு கதையை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதே என்று இளம் எழுத்தாளர்களிடம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1942இல் காஞ்சிபுரத்தில் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கிய அண்ணா, அதில் தலையங்கமும் சிறுகதையும் தொடர்கதையும் எழுதிக்கொண்டே நாடக மேடைக்கும் எழுதினார். அவர் எழுதிய 'நல்லதம்பி', 'வேலைக்காரி' இரண்டும் 1949இல் திரைக்கு வந்தன. முன்னது என்.எஸ்.கிருஷ்ணனுக்கான நகைச்சுவை, பின்னது கே.ஆர்.ராமசாமி நடித்த பழிதீர்க்கும் கதை. காஞ்சிபுரத்தின் கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடுவதுபோல, இரண்டுக்கும் குரல் வேறு. ஒரே சாயலுள்ள இரு நாவல்களை ஒன்றாக எழுதினால் கதை மாந்தர் எல்லோரும் ஒரே மாதிரி பேசத் தொடங்கிவிடுவார்கள். அதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். இன்னொன்றும் வேண்டும்: கெடு. பெங்களூரில் பொறியாளர் வேலை பார்த்தபடி சுஜாதா ஒரே சமயத்தில் பல இதழ்களுக்குத் தொடர் எழுத முடிந்ததென்றால், அதில் அவருடைய திறமைக்கு இருந்த பங்கு வாரந்தோறும் காத்திருந்த அச்சகத்துக்கும் உண்டு. இன்று வார இதழ்களில் தொடர்கதைக்கான பக்கங்கள் சுருங்கிவிட்டன. நல்ல எழுத்தாளர்களிடம்கூட நாவல்கள் பாதியில் நிற்பதற்கு, கவனச் சிதறலைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.