ஏரிப் பாசனமும் மின்னணு நிர்வாகமும்

ஏரிப் பாசனம் அறிந்த குடியானவர் எவரும் மதகை மட்டும் சீர்செய்துவிட்டு நீருக்குக் காத்திரார். வரத்துக்கால் தூர்ந்திருப்பின் ஏரி நிரம்பாது; கலங்கல் உடைந்திருப்பின் நிரம்பிய நீர் நில்லாது; கடைமடைக்காரரின் குறை மதகைத் திறப்போன் செவிக்கு எட்டாவிடின், தலைமடையில் பயிர் அழுகவும் கடைமடையிற் காயவும் நேரும். இவ்வாறு உறுப்புகள் ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தை ஒருங்கே நோக்குவது அமைப்புமுறைச் சிந்தனை எனப்படும். 1956-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே பாரெஸ்டர் என்பார் இம்முறையைத் தொழிற்சாலைகளுக்குப் பொருத்தி ஆராய்ந்தார். கம்ப்யூட்டர் வழி நடைபெறும் சர்க்கார் காரியங்களுக்கும் இஃது இன்றியமையாததாகும்.

பி.எம். கிசான் திட்டம் இதற்குத் தக்க சான்று. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற இத்திட்டப்படி, நிலமுடைய விவசாயக் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக நேரே பாங்கிக் கணக்கிற் சேர்கின்றது. விடுபட்டோரைச் சேர்க்கும் பொருட்டு, அவரவரே இணையத்திற் பதிவு செய்துகொள்ளும் வழி திறக்கப்பட்டது. நோக்கம் நன்றே, ஆயினும் வாயிலை அகலத் திறந்தோர் காவலை உறுதி செய்திலர். அதிகாரிகளின் கடவுச்சொற்கள் பிறர் கைப்பட்டன. தமிழ்நாட்டில் தகுதியற்ற 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் அவர்கள்பாற் சென்றமை 2020-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது.

பின்னர் விதிகள் இறுகின. ஆதார் வழிச் சோதனையும் நில ஆவண இணைப்பும் கட்டாயமாயின. போலிகள் வருவது கடினமாயிற்று. உடன் மெய்யான விவசாயிகளும் வாயிலில் நின்றனர். பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்கும் பேரனும், ஆதாரில் ஓரெழுத்தும் பட்டாவில் வேறெழுத்துமாகப் பெயருடையவரும் அலைச்சலுக்கு உள்ளாகின்றனர். குத்தகைக்கு உழுவோருக்கோ திட்டத்தில் இடமேயில்லை. ஓர் ஓட்டையை அடைத்த விதியே வேறோர் இடர்ப்பாட்டை ஈன்றது.

இந்நிலையில் இணையதளத்தை மேலும் அழகுபடுத்துவது மதகிற்கு வர்ணம் பூசுவதையே ஒக்கும். செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, வாரிசுப் பட்டா மாறுதலை விரைவுபடுத்துதல். நில ஆவணமே இத்திட்டத்தின் வரத்துக்கால். இரண்டாவது, பணம் செல்லுமுன் பெயர்ப்பட்டியலைக் கிராம சபையிற் படித்தல். உழுபவர் இன்னார் என்பதை ஊரார் நன்கறிவர். மூன்றாவது, மனு தள்ளப்பட்டதற்குரிய காரணத்தை மனுதாரருக்கு எழுத்தில் தெரிவித்து, அக்காரணங்களைக் கிராமவாரியாகத் தொகுத்து விதி வகுப்போரிடம் தவணைதோறும் சேர்ப்பித்தல்.

இவை தாமதம் விளைக்கும் என்பர் சிலர். தகாதவருக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவதிலும், தக்கவர் அலுவலகந்தோறும் அலைவதிலும் வீணாகும் காலம் அதனினும் பெரிது என்பதை அன்னார் எண்ணுவாராக.

கடைமடை வயல் நனைந்தபின்னரே பாசனம் முடிந்தது என்பது ஊர் வழக்கம். கடைசிக் குடியானவரின் கணக்கிற் பணம் சேர்ந்ததா என்று பார்க்கும் நிர்வாகமே நிறைவுடையதாகும்.